எட்டுப் பனலும் ஒரு ரோமனும்

"அண்ணை, கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ... தலை நனையுது!"

கரிகாலன் திடுக்கிட்டுப் போனான். குரல் எங்கிருந்து வருகிறது? அவன் இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த சோலார் பனலுக்கு அடியிலிருந்து...

2018 மார்ச் மாதத்து மழை. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் வேனை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் நிறுத்திவிட்டு, பதினெட்டுக் கிலோ பனலைச் சுமந்துகொண்டு நடந்து வந்தான். புடவைக் கடைக்காரர் ஒருவர் தன் கண்ணாடி அலுமாரியில் அதைப் பார்வைக்கு வைக்க இடம் கொடுத்திருந்தார். பாதி வழியில் வானம் பொத்துக்கொண்டது. கூடவே இவளும் வந்து புகுந்துகொண்டாள்.

"இது குடை இல்லை."

"தெரியும். முந்நூற்றறுபது வாட்டோ, இருநூற்றெண்பதோ?"

கரிகாலனுக்குக் கை தளர்ந்தது. பனல் ஒரு பக்கம் சரிந்து, அதில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் அவன் கழுத்துக்குள் இறங்கியது. அவள் சிரித்தாள். மழைத்துளி தொங்கும் இமைகள்... அதற்குள் இரண்டு குறும்புக் கண்கள். சோலார் பனல் பூட்டும் தொழிலுக்கு வந்து ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தில் எத்தனையோ பேர் விலை கேட்டார்கள், பாரிஸில் வெயிலே இல்லையே என்று நக்கல் அடித்தார்கள். வாட் கேட்ட முதல் பெண் இவள்தான்.

"இருநூற்றெண்பது" என்றான் பரிதாபமாக.

"ஓ... சாதாரணம்தான்."

அந்த 'சாதாரணம்' அவனைச் சுருக்கென்று குத்தியது. பனலைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா?

"முதல்லை ஒண்டு... அண்ணை எண்டு கூப்பிடாதேங்கோ."

"அப்ப எப்பிடிக் கூப்பிடுறது?"

"கரிகாலன்."

"நான் சுபாங்கி. அந்தப் பார்மசியிலை வேலை" என்று வீதிக்கு எதிரே பச்சைச் சிலுவை மின்னும் கடையைக் காட்டினாள். "ஓல்னேயிலை நானும் அம்மாவும் ஒரு வீடு வாங்கியிருக்கிறம். பழைய வீடு, முழுக்கக் கரண்ட் ஹீற்றர். குளிர்காலத்து பில்லைப் பாத்தா அம்மாவுக்குப் பிரஷர் ஏறுது. அதுதான் பனல் போடுவம் எண்டு..."

பனல் புடவைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. மழை விடவில்லை. இருவரும் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குள் ஒதுங்கினார்கள். இரண்டு தேத்தண்ணி, இரண்டு ரோல்ஸ். வாழ்க்கை திடீரென்று மிக அழகாக இருந்தது.

அந்த அழகு சரியாக நான்கு நிமிடம் நீடித்தது.

சுபாங்கி கைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தாள். மூலையில் ஒட்டியிருந்த தபால் முத்திரை நனைந்திருந்தது. ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஓரத்தைக் கிழித்து, உள்ளேயிருந்த தாள்களை எடுத்து முதல் பக்கத்தை அவன் முன்னே வைத்தாள். இன்னொரு கம்பெனி கொடுத்த விலை விபரம். பிரான்சில் எல்லாரும் தெவி என்பார்களே, அது.

கரிகாலனின் கண் விலையில் விழவில்லை. பனலின் பெயரில் விழவில்லை. நேரே போய், மேல் மூலையில் நீல மையில் எழுதியிருந்த கைபேசி எண்ணில் விழுந்தது. அதற்குப் பக்கத்தில் அழகான எழுத்தில் ஒரு பெயர்... ரோமன். அதற்குக் கீழே, 'எந்த நேரமும் கூப்பிடலாம்'.

எந்த நேரமும்! எதற்கு எந்த நேரமும்? பனல் என்ன கைக்குழந்தையா, நடுச்சாமத்தில் வீரிட்டு அழ?

"இந்த ரோமன் ஆர்?"

"பாண்டிச்சேரி ஆள். நல்லாத் தமிழ் கதைப்பார். வீட்டை வந்து அம்மாவோட அரை மணித்தியாலம் இருந்து கதைச்சுப் போட்டுத்தான் இதைத் தந்தவர்."

அரை மணித்தியாலம். அம்மாவோடு. கரிகாலன் ரோல்சைக் கடித்தான். அது ரோமனின் காது என்று நினைத்துக்கொண்டே கடித்தான்.

"எட்டுப் பனல், ஒவ்வொண்டும் முந்நூற்றறுபது வாட்... இது வேலை செய்யாதெண்டு நான் சொல்லேல்லை. ஆனா அநியாய விலை. சாதாரண பனல் பதினொண்டு போட்டா இதே மின்சாரம் வரும். நீங்கள் கையிலை வைச்சிருக்கிற காசுக்கு அதுதான் புத்தி."

"பதினொண்டுக்கு இடம் காணாது. கூரையிலை ஒரு பாதிதான். மற்றப் பாதியிலை அம்மா..."

"கூரையைப் பாக்காமல் நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்று இடையில் வெட்டினான். அவள் சொல்ல வந்ததை முழுதாகக் கேட்டிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரிப் போயிருக்கும். பொறாமைக்காரனுக்குக் காது எங்கே கேட்கிறது?

தாள்களைப் புரட்டக் கை நீட்டினான். சுபாங்கி சட்டென்று எல்லாவற்றையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்ப சனிக்கிழமை வந்து பாருங்கோவன்."

மேசைமேல் இருந்த அவன் கைபேசி அதிர்ந்தது. 'செசில்' என்று ஒரு பெயர். அவன் அணைத்தான். மறுபடி அதிர்ந்தது, மறுபடி செசில். சுபாங்கி அந்தப் பெயரைப் பார்த்தாள். பார்க்காதவள் போலத் தேத்தண்ணியை ஊதிக் குடித்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் ஓல்னே-சூ-புவாவுக்குக் கரிகாலன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். கூரை வேலைக்குப் புதுச் சட்டை! வேனின் கண்ணாடியில் தலையை மூன்று தரம் பார்த்துக்கொண்டான்.

கூரை பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வீட்டுக்குள் போய் மேல்மாடியில் மரச்சட்டங்களைப் பார்க்கவேண்டும். அதன் பிறகுதான் ஏணி. இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவனே சொல்லிக் கொடுக்கிறவன். ஆனால் சுபாங்கி தோட்டத்தில் நின்றாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, அந்தக் கண்களைச் சுருக்கி... "முதல்லை உள்ளுக்கை வாங்கோ" என்றுகூடச் சொன்னாள்.

"தேவையில்லை, மேலாலையே எல்லாம் தெரியும்" என்றுவிட்டு ஏணியில் தாவி ஏறினான். ரோமன் இப்படி ஏறியிருப்பானா? நீல மையில் எழுதத்தான் தெரியும் அவனுக்கு!

தெற்குப் பார்த்த நல்ல கூரை. கிழக்குப் பாதியில் வெயில் பளிச்சென்று விழுந்தது. மேற்குப் பாதியில் பக்கத்து வீட்டுப் புகைக்கூண்டின் நிழல் ஓடுகளின்மேல் நீளமாகப் படுத்திருந்தது. கரிகாலன் அதைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். அளவு எழுதும் கொப்பியில் மட்டும் எழுதவில்லை. எழுதினால் ரோமனின் எட்டுப் பனல் சரியாகிவிடுமே...

மேற்குப் பாதியில் தடதடவென்று நடந்து அளவெடுத்தான். ஓர் எட்டு, இரண்டு எட்டு... காலுக்குக் கீழே எங்கோ மணி கிலுங்கியது. அடுத்த எட்டு வைப்பதற்குள், சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஜன்னல் படாரென்று திறந்தது. நெற்றி நிறைய விபூதியோடு ஒரு தலை வெளியே வந்தது. பின்னாலேயே மணியைப் பிடித்த கை.

"ஆரடா அது, சாமிக்கு மேலை சப்பாத்தோட!"

அதுதான் யோகராணி, சுபாங்கியின் அம்மா.

கரிகாலன் காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். சாமிக்கு மேலே மனிதர் புழங்கக்கூடாது என்றுதானே நம்மவர்கள் இங்கே சாமி அறையை வீட்டின் உச்சியில் வைக்கிறார்கள்! அவனுடைய அம்மாவே அப்படித்தான் வைத்திருக்கிறா. உள்ளே போய் ஒரு தரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஏணியால் இறங்கித் தலையைக் குனிந்தபடி குசினி வாசலுக்கு வந்தான். அங்கே ஒரு சோடிச் சப்பாத்து, சுவரோடு சேர்த்து ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. உள்ளே வெறுங்காலோடு, கையில் வடையோடு, உயரமாக ஓர் ஆள். மேரியில், அதாவது நகரசபையில், அனுமதி எடுக்கிற பத்திரத்தைக் கொண்டு வந்திருந்தானாம்.

"நீங்கதான் கரிகாலனா? நான் ரோமன்" என்று புன்னகைத்தான். பற்கள்கூட வரிசையாக இருந்தன.

"இந்தத் தம்பி சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளை" என்றா யோகராணி, ரோமனைக் காட்டிக் கரிகாலனைப் பார்த்து. "வந்த உடனை, மேலை என்ன அறையம்மா எண்டு கேட்டது. சாமி அறை எண்டதும், அப்ப அந்தப் பக்கம் கால் வைக்கமாட்டன், மற்றப் பாதியிலையே முழு மின்சாரமும் எடுக்கிற பனல் போடுவம் எண்டு சொன்னது. நீர் எந்த ஊர் தம்பி?"

"...மானிப்பாய்."

"மானிப்பாய்!" கோயில்கள் நிறைந்த ஊர்ப் பிள்ளையா இப்படி என்று, அந்த ஒரு சொல்லில் யோகராணி ஊர் முழுவதையும் திட்டித் தீர்த்தா.

"பரவால்லம்மா, விடுங்க. அவரு தெரியாமத்தானே ஏறிட்டாரு" என்றான் ரோமன். "வடை எடுத்துக்கங்க, கரிகாலன்."

ரோமனும் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். ரோமன் பரிந்து பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த வீட்டு வடையை எனக்கு எடுத்துத் தர இவன் யார்? சுபாங்கி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தை அடக்கினாளா... அவன் நின்று பார்க்கவில்லை. வேலை இருக்கிறது என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வெளியேறினான்.

அப்படியே விட்டிருக்கலாம். மானஸ்தன் விடுவானா? திங்கட்கிழமை தன் தெவியை அனுப்பினான். பதினொரு சாதாரண பனல், முழுக் கூரைக்கும். மேற்குப் பாதியில் வெறுங்காலோடு வேலை செய்து தருவதாக ஒரு வரி. புகைக்கூண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கூடவே பிரெஞ்சில் இரண்டு பக்கக் கடிதம்.

வியாழக்கிழமை சுபாங்கி கூப்பிட்டாள்.

"உங்கட கடிதம் வாசிச்சன்."

"எப்பிடி?"

"பனலைவிட ரோமன்ட பேர்தான் கூட. ஒன்பது தரம் வருது. எண்ணிப் பாத்தனான்."

அவள் பக்கம் மெட்ரோ கடகடவென்று போனது கேட்டது.

"கரிகாலன்..." குரல் மாறியிருந்தது. விளையாட்டு இல்லை. "அம்மா இருபது வருஷம் ஒபீஸ் துடைச்சுச் சேத்த காசு. எங்களாலை ஒரு தரம்தான் போட ஏலும். பிழைச்சா இன்னொரு தரம் வாங்க வழியில்லை. நீங்கள் கூரையிலை ஏறிப் பாத்தனீங்கள். எங்கட வீட்டுக்கு எது சரி? ரோமனை விட்டுட்டு, கூரையை மட்டும் நினைச்சுச் சொல்லுங்கோ. நாளைக்கு முடிவு எடுக்கோணும்."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றான்.

மறுநாள் பொபினியில் ஒரு கூரையில் வேலை. பன்னிரண்டு பனலை ஒரே வரிசையாகப் பூட்டி, மீற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல வெயில், எண்கள் உயர்ந்தன. திடீரென்று எல்லாம் சரிந்தன. என்ன என்று பார்த்தால், சாய்த்து வைத்த ஏணியின் நிழல் ஒரே ஒரு பனலின்மேல் விழுந்திருந்தது. ஏணியை நகர்த்தினான். எண்கள் மறுபடி ஏறின.

இது அவனுக்குத் தெரியாத விஷயமா? ஒரு பனலில் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதையும் அது இழுத்து விழுத்தும். அந்தப் புகைக்கூண்டின் நிழலில் மூன்று பனலைப் போட்டுவிட்டு வந்திருந்தால்... ஒவ்வொரு குளிர்காலமும் யோகராணி பில்லைப் பார்த்துத் தலையில் கை வைத்திருப்பா. சுபாங்கி ஒன்றும் சொல்லமாட்டாள். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போயிருப்பாள்.

உண்மையைச் சொன்னால் அவள் ரோமனிடம் போய்விடுவாள். சொல்லாவிட்டால்... சே, அப்படி ஒரு கூரைக்குக் கீழே அவளை இருக்க வைத்துவிட்டு அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

கையைத் துடைத்தான். ரோமனே வாங்கிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தான். நினைத்ததும் நெஞ்சு எரிந்தது. அப்படியே வேனில் ஏறினான்.

லா சப்பலுக்கு வந்து சேர்ந்தபோது மழை தொடங்கிவிட்டது. பார்மசியில் நீண்ட வரிசை. அவனுக்கு முன்னால் மருந்துத் துண்டோடு ஒரு தடித்த அம்மா. அவனுக்குப் பொறுமை இல்லை. வரிசையில் நின்றபடியே சத்தமாகச் சொன்னான்.

"சுபாங்கி, எட்டுப் பனல்தான் சரி!"

வெள்ளை மேலங்கியோடு நின்ற சுபாங்கி நிமிர்ந்தாள். கையில் இருமல் மருந்து.

"உங்கட மேற்குக் கூரையிலை புகைக்கூண்டு நிழல் விழுது. அதிலை போட்டா மற்ற எல்லாத்தையும் இழுத்து விழுத்தும். நான் அண்டைக்கே பாத்தனான். பாத்தும் எழுதேல்லை. சாமி அறை இல்லாட்டிலும் அந்தப் பாதி உதவாது. குறைஞ்ச இடத்திலை கூட மின்சாரம் எடுக்கிற பனல்தான் உங்களுக்கு வேணும். ஒரு பனல் விலை கூடத்தான்... ஆனா எண்ணிக்கை குறைவு, பூட்டுற கூலியும் குறைவு, கடைசியிலை பெரிய வித்தியாசம் வராது. ரோமன் சொன்னது சரி. ரோமனிட்டையே போடுங்கோ."

பார்மசி முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது. தமிழ் தெரியாத பிரெஞ்சுக் கிழவர்கூட மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்ப ஏன் கடிதத்திலை வேறை மாதிரி எழுதினனீங்கள்?"

"எரிச்சல்."

"என்னத்திலை?"

"அவன்ட நீல மையிலை! அவன்ட பல்லிலை! அவனுக்கு உங்கட அம்மா வடை குடுத்ததிலை!" குரல் உடைந்தது. "நீங்கள் பனலுக்குக் கீழை வந்து வாட் கேட்டீங்களே, அண்டையிலை இருந்து எனக்கு வேறை ஒண்டும் ஓடேல்லை சுபாங்கி. உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. அதுக்காக உங்கட வீட்டைக் கெடுக்கப் பாத்திட்டன். அது பெரிய பிழை. சொல்லிப்போட்டுப் போவம் எண்டுதான் வந்தனான்."

முன்னால் நின்ற தடித்த அம்மா திரும்பி அவனை மேலிருந்து கீழே பார்த்தா. "பிள்ளை, என்ட இருமல் மருந்தைத் தந்திட்டு வெளியிலை போய் அவரோட கதை. அழப் போறார்" என்றா.

கடைக்கு வெளியே மழை. சுபாங்கி மேலங்கியோடேயே வந்தாள், கையில் கைப்பை. நேரே நடந்து, வீதி மூலையில் நின்ற மஞ்சள் தபால் பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"ரோமன் போன கிழமை என்னைப் படத்துக்குக் கூப்பிட்டவர்" என்றாள்.

கரிகாலன் கண்ணை மூடிக்கொண்டான். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இல்லை எண்டு." பையிலிருந்து அதே தெவியை எடுத்தாள். "இதை அண்டைக்கு நீங்கள் முழுக்கப் பாக்கேல்லை. முதல் பக்கத்திலை ஒரு பேரைக் கண்டவுடனை உங்களுக்குக் கண் தெரியாமல் போச்சு. கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ."

பார்த்தான். கீழே 'சம்மதம்' என்று பிரெஞ்சில் எழுதி, சுபாங்கியின் கையெழுத்து. பக்கத்தில் தேதி... அவன் மூளை மெதுவாகத்தான் கணக்குப் போட்டது. அந்த மழை நாள். அவர்கள் சந்தித்த அதே நாள்.

"இது... ஏற்கனவே..."

"ஓம். அண்டைக்குக் காலமை கையெழுத்து வைச்சு, உறையிலை போட்டு, முத்திரையும் ஒட்டி, இந்தப் பெட்டியிலை போடத்தான் ஓடி வந்தனான். மழை வந்திட்டுது. பனலோட ஒருத்தர் வந்தார்." அவள் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். இமையில் மறுபடி அந்தத் துளி. "போட்டிருந்தா உங்களோட கதைக்கிறதுக்கு எனக்கு என்ன சாட்டு இருக்கு? அதுதான் உறையைக் கிழிச்சனான். கம்பெனிக்காரர் மூண்டு தரம் ரெலிபோன் எடுத்திட்டினம்."

"அப்ப நேற்றுக் கேட்டது?"

"நீங்கள் உண்மை சொல்லுவியளோ எண்டு பாக்கத்தான். சொல்லியிருக்காட்டி..." நிறுத்தினாள். "இரவு முழுக்க நித்திரை இல்லை, தெரியுமோ? சொல்லோணும், சொல்லோணும் எண்டு சாமிக்கு நேர்த்தி வைச்சனான். நீங்கள் ஏறி மிதிச்ச அதே சாமிக்கு."

கரிகாலனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாய்ந்து அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் ஓர் எட்டுப் பின்னால் வைத்தாள். முகம் கடுகடுத்தது.

"பொறுங்கோ. செசில் ஆர்?"

"எந்தச் செசில்?"

"தேத்தண்ணிக் கடையிலை ரெண்டு தரம் அடிச்ச செசில். இவ்வளவு நாளும் கேக்காமல் இருந்தது எனக்குத்தான் தெரியும். ஏன் எடுக்கேல்லை? ஏன் அணைச்சனீங்கள்?"

அவன் வாய் விட்டுச் சிரித்தான். "எங்கட ஒபீசிலை தெவி அடிக்கிற மதாம்! வாற வருஷம் பென்ஷன். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணித்தியாலம் எடுக்கிறன் எண்டு ஏசுறதுக்குக் கூப்பிட்டவ. அந்த ரெண்டு பக்கக் கடிதத்தையும் பிழை திருத்தினது அவதான். ரோமன்ட பேரைக் குறைக்கச் சொல்லி மண்டாடினவ..."

சுபாங்கி சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பையிலிருந்து புது உறை ஒன்றை எடுத்து, தெவியை உள்ளே வைத்து ஒட்டினாள். முத்திரை ஏற்கனவே ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் ஆயத்தமாகத்தான் வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி!

உறையை அவன் கையில் கொடுத்தாள்.

"நீங்களே போடுங்கோ."

"நானோ? ரோமன்ட தெவியையோ?"

"ஓம். எரியாமல் போடுங்கோ பாப்பம்."

கரிகாலன் உறையைப் பார்த்தான். மேலே ரோமனின் கம்பெனி விலாசம். நெஞ்சுக்குள் சுருக்கென்று ஏதோ கடித்தது... பழக்கதோஷம். எட்டு நல்ல பனல், கிழக்குப் பாதி, நிழல் இல்லாத கூரை. கண்ணை மூடிக்கொண்டு உறையைப் பெட்டிக்குள் தள்ளினான். அது உள்ளே விழுகிற சத்தம் மழையிலும் கேட்டது.

"எரியுதோ?"

"கொஞ்சம்."

"எனக்கும்தான், இவ்வளவு நாளும்" என்று சொல்லி, அவன் விரல்களுக்குள் தன் குளிர்ந்த விரல்களைக் கொடுத்தாள். "வெறுங்காலோட வேலை செய்யிறன் எண்டு நீங்கள் எழுதின வரியை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். ஞாயிற்றுக்கிழமை உங்களைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ."

"உங்கட அம்மாவோ? என்னையோ? என்ன சொன்னவ?"

"அந்த மானிப்பாய்ப் பிள்ளையை வாசல்லையே சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வரச் சொல்லு எண்டவ."

மழை கொட்டியது. தலைக்கு மேலே பிடிக்க இந்தத் தடவை பனலும் இல்லை, குடையும் இல்லை. இரண்டு பேரும் நனைந்துகொண்டே நின்றார்கள்.

"கரிகாலன்..." என்றாள் மெதுவாக.

"ம்?"

"அண்டைக்கு அண்ணை எண்டு கூப்பிட்டதை மறந்திடுங்கோ."